எண்ணும் கண்ணும்: கல்முனைக் கரையும் மூவகை ஆராய்ச்சியும்

எண்ணுதல் என்னும் தமிழ்ச் சொல் இரு பொருள் உடையது. பொருள்களை ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுதலும் எண்ணுதலே; ஒன்றை மனத்திற் கொண்டு கருதுதலும் எண்ணுதலே. இவ்விரு தொழில்களுக்கும் ஒரு சொல்லே வழங்கி வருதலில் ஓர் உண்மையும் அடங்கியுள்ளது. கணக்கில் இடம் பெறாத மக்கள், ஆள்வோர் கருத்திலும் அறிஞர் கருத்திலும் இடம் பெறுதல் அரிது. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக மதித்த மரபு தமிழருடையது. அக்கண்களுள் ஒன்றாகிய எண், ஒரு நாட்டின் ஒரு பகுதி மக்கள்மீது படாது போயின் விளைவது யாது என்பதே இக்கட்டுரையிற் காணப்புகும் பொருளாகும்.

இக்காலத்து ஆராய்ச்சித் துறைகளுள் மூன்றினை ஈண்டு எடுத்துக்கொள்ளலாம். கணினிக்குக் காணும் ஆற்றலை அளிக்கும் துறை ஒன்று. ஓமோன் குறைபாட்டால் விளையும் இதய நோயை ஆயும் துறை மற்றொன்று. வளரிளம் பருவத்தினரின் உளநலத்தை ஆயும் துறை பிறிதொன்று. பொறியியல், மருத்துவம், உளவியல் என வெவ்வேறு மனைகளிற் பிறந்த இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும். ஆயினும், மூன்றும் மக்களை எண்ணி, அவர்களுடைய உடலையும் உள்ளத்தையும் அளந்து, அவ்வளவையினின்றே முடிவு காண்பவை. எவரை எண்ணினார்கள், எவரை எண்ணாது விடுத்தார்கள் என்ற வினா மூன்றுக்கும் பொதுவானது. இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள கல்முனைப் பகுதியின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவின் கூர்மையை நன்கு விளக்கும்.

கரையும் மக்களும்

மட்டக்களப்புக்குத் தெற்கே, கீழைக் கடலுக்கும் நெல்வயல்களுக்கும் இடையே ஒடுங்கிச் செல்லும் மணற்றரையில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை முதலியன முஸ்லிம் மக்கள் பெருவாரியாக வாழும் ஊர்கள். பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் முதலியன இந்துக்கள் வாழும் ஊர்கள். ஓர் ஊரின் வாங்கோசை அடுத்த ஊருக்குக் கேட்கும். அவ்வூரின் கோயில் மணி இவ்வூருக்குக் கேட்கும். இருசாராருக்கும் தாய்மொழி தமிழே. தாய்வழிக் குடிமுறையும், மகளுக்கு வீட்டைச் சீதனமாக வழங்கும் வழக்கமும் இருசாராரிடையேயும் வேரூன்றியவை. மருதமுனைக் கைத்தறி நெசவும், மேற்கே விரிந்த வயல்களும், கரைவலையும் இம்மக்களின் வாழ்வுக்கு ஆதாரம். நெடுங்காலம் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1961 ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதன் கரையோரப் பகுதியாயிற்று.

இக்கரைக்கு விஞ்ஞானம் புதியதன்று. 1892 ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்து, கல்முனையில் மெதடிஸ்த மிசன் பாடசாலையிற் பயின்ற மயில்வாகனனார், 1920 ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றார். பின்னர்த் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் எனப் பெயர் பெற்ற அப்பெரியார், 1930 களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முதன்மையான பங்கு கொண்டார். அப்பணியின் பயனாக 1938 ஆம் ஆண்டு வெளிவந்த கலைச்சொற்றொகுதி, பௌதிகமும் இரசாயனமும் மருத்துவமும் தமிழிற் பேசுதற்கு வழி திறந்தது. ஆராய்ச்சிக்கு மொழியை ஆயத்தஞ் செய்தவர்களுள் ஒருவரை இக்கரை ஈன்றது. ஆராய்ச்சி நிலையமோ இக்கரைக்கு நெடுநாள் வரவில்லை.

1981 ஆம் ஆண்டு மட்டக்களப்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தோன்றி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. போரும் இனக்கலவரமும் மூண்ட 1990 களில் முஸ்லிம் மாணவர் அங்குச் சென்று கற்பது அரிதாயிற்று. அந்நிலையில், அக்காலத்து அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால், 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 23 ஆந் தேதி தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1996 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் தேதி அது முழுப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டு, ஒலுவிலிற் கடலை நோக்கி எழுந்தது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. பொறியியற் பீடம் பின்னர்ச் சேர்ந்தது. மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகம் மருத்துவக் கல்வியை அளிக்கத் தொடங்கியது. இவ்வாறு, எண்ணுதற்கு வேண்டிய கருவிகள் காலந் தாழ்த்தேனும் இக்கரையை அடைந்தன. அவை வருமுன் உலகம் எங்கெங்கே எதை எண்ணியது என்பதை இனி நோக்குவோர்க்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும்.

காணும் பொறி

காட்சி எவ்வாறு நிகழ்கின்றது என்பது பழைய வினா. கண்ணினின்று ஒளி புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுதலாற் காட்சி உண்டாகின்றது என நையாயிகர் கொண்டனர்; கிரேக்கருள்ளும் பலர் அவ்வாறே கொண்டனர். பதினொராம் நூற்றாண்டின் முற்பகுதியில், கைரோ நகரில் வாழ்ந்த அறபு அறிஞர் இப்னுல் ஹைதம், பொருளினின்று வரும் ஒளி கண்ணுட் புகுதலே காட்சிக்குக் காரணம் எனப் பரிசோதனையால் நிறுவ முயன்றார். அவர் இயற்றிய ஒளியியல் நூல் இலத்தீன் மொழியிற் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியருக்கு நெடுங்காலம் ஆசானாக விளங்கியது. கருத்தைக் கருத்தால் மறுப்பதோடு அமையாது, அளந்து காட்டி மறுத்தல் வேண்டும் என்பது அவர் விட்டுச் சென்ற நெறி.

கண்ணுட் புகுந்த ஒளியை மூளை எவ்வாறு உருவமாக அறிகின்றது என்ற ஆராய்ச்சி இருபதாம் நூற்றாண்டில் முதிர்ந்தது. 1959 ஆம் ஆண்டு ஹியூபெல், வீசெல் என்னும் இருவர், பூனையின் மூளையிலுள்ள சில நரம்பணுக்கள் குறித்த ஒரு திசையிற் சாய்ந்த கோட்டைக் கண்டபோது மாத்திரம் கிளர்ச்சியுறுவதை வெளியிட்டனர். 1966 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மசச்சூசற்சுத் தொழினுட்ப நிறுவகத்தார், கணினிக்குக் காணும் ஆற்றலின் பெரும்பகுதியை ஒரு கோடை விடுமுறைக்குள் அமைத்துவிடலாம் என்று திட்டமிட்டனர். அக்கோடை கழிந்து அரை நூற்றாண்டாகியும் பணி முற்றுப்பெறவில்லை. சப்பானியராகிய புக்குசிமா, மூளையின் அமைப்பைப் பின்பற்றிப் படிப்படியாக உருவத்தை அறியும் கணிப்பு வலை ஒன்றை 1980 இல் வகுத்தார். அவ்வழி வந்த வலைகள், பல இலட்சம் படங்களைப் பார்த்துப் பழகிய பின்னரே, 2012 ஆம் ஆண்டளவில் பொருள்களை வியக்கத்தக்கவாறு இனங்காணலாயின. பொறிக்குக் கண் கொடுத்தது சூத்திரம் மாத்திரம் அன்று. அதற்குக் காட்டப்பட்ட படங்களின் தொகையுமாகும்.

இங்கே தமிழகத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. 1976 ஆம் ஆண்டு மதுரையில் வைத்தியர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையும், 1978 ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பட்ட சங்கர நேத்திராலயமும் விழித்திரைப் படங்களைப் பெருந்தொகையாகச் சேர்த்து வைத்திருந்தன. நீரிழிவினாற் பழுதுறும் விழித்திரையைக் கணினியே கண்டறியுமாறு செய்யும் ஆராய்ச்சி ஒன்று 2016 ஆம் ஆண்டு வெளிவந்தபோது, அதற்குப் பயிற்சிப் பாடமாக அமைந்த 128,175 படங்களுள் இவ்விரு நிலையங்களின் படங்களும் இடம் பெற்றிருந்தன. தேர்ந்த கண் வைத்தியர்க்கு ஒப்பாக அப்பொறி நோயைக் கண்டறிந்தது. எண்ணப்பட்டவர்க்குப் பொறியின் கண் திறந்தது என்க.

எண்ணப்படாதவர் நிலை யாது? 2018 ஆம் ஆண்டு, மனித முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா எனக் கூறும் சில வணிகப் பொறிகள் சோதிக்கப்பட்டன. வெண்ணிற ஆடவர் முகத்தில் அவற்றின் பிழை நூற்றுக்கு ஒன்றினை எட்டவில்லை. கருநிறப் பெண்டிர் முகத்தில், ஒரு பொறியின் பிழை நூற்றுக்கு முப்பத்து நான்கினைக் கடந்தது. பொறிக்குப் பகையில்லை, நட்பில்லை. அது கண்டு பழகாத முகத்தை அறியாது, அவ்வளவே. தாய்லாந்தின் கிராமிய வைத்திய நிலையங்கள் பதினொன்றில் விழித்திரைப் பொறியைப் பயன்படுத்தியபோதும் ஓர் இடர் நேர்ந்தது. ஒளி குறைந்த அறைகளில் எடுத்த படங்கள் தெளிவற்றன என்று, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினைப் பொறி ஏற்க மறுத்துவிட்டது என 2020 இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. பெருநகர் ஆய்வுகூடத்திற் கூர்மையாயிருந்த கண் சிற்றூரிலே மங்கியது.

இனி, 2018 ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு கண்ணையும் இதயத்தையும் இணைத்தது. 284,335 பேரின் விழித்திரைப் படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட கணினி, படத்தை நோக்கியே ஒருவரின் வயதை ஏறத்தாழ மூன்று ஆண்டு வேறுபாட்டுக்குள் உரைத்தது. புகைபிடிப்பவரா என்பதையும், குருதியமுக்கத்தையும், மாரடைப்பு முதலியன நேரக்கூடிய வாய்ப்பையும் கணித்தது. உடலைக் கிழியாது நுண்ணிய குருதிக் குழாய்களைக் கண்ணாற் காணத்தக்க இடங்களுள் விழித்திரை ஒன்று. ஆதலின், விழித்திரையின் குழாய்களில் தோன்றும் மாறுதல் இதயக் குழாய்களின் நிலைக்கு அறிகுறியாகலாம். ஆயினும், அப்படங்கள் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பெறப்பட்டவை. அக்கணிப்பு வேறொரு கரையில் வாழும் மக்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை, அம்மக்களை அளந்தாலன்றி எவரும் கூறுதல் இயலாது.

குருதியும் இதயமும்

சிறுநீர் இனிப்புறும் நோயைப் பண்டை ஆயுள்வேத நூல்கள் மதுமேகம் எனக் குறித்தன. ஈழத்துப் பேச்சு வழக்கில் அது சீனி வருத்தம் எனப்படும். கணையத்திற் சுரக்கும் இன்சுலின் என்னும் ஓமோனே குருதியிலுள்ள வெல்லத்தை உடலணுக்களுட் புகச் செய்வது. 1921 ஆம் ஆண்டு கனடாவின் தொரன்டோ நகரில் அது பிரித்தெடுக்கப்பட்டது. 1922 சனவரியிற் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்டு அவன் உயிரைக் காத்தது. அதுவரை ஓரிரு ஆண்டுகளில் இறந்துபட்ட இளையோர் நீண்ட நாள் வாழலாயினர். அவ்வாறு வாழத் தொடங்கிய பின்னரே, சீனி வருத்தம் இதயத்தையும் தாக்கும் என்பது தெளிவாகப் புலப்பட்டது.

அது தாக்கும் முறை மறைவானது. உடலணுக்கள் இன்சுலினின் ஏவலுக்கு இணங்காதவிடத்துக் குருதியில் வெல்லம் மிகுகின்றது. கொழுப்பின் அளவும் மாறுபடுகின்றது. குருதிக் குழாய்களின் உட்சுவர் பழுதுற்று, அதன்மேற் கொழுப்புப் படிந்து, இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் ஒடுங்குகின்றன. நரம்புகளும் நலிவதால், சிலருக்கு மார்புவலி தோன்றாமலே மாரடைப்பு நேர்ந்துவிடும். நோயாளி அறியுமுன் நோய் முற்றிவிடும் என்பதே இதன் கொடுமை.

இதய நோய் யாரை அணுகும் என்பதை எண்ணிக் காணும் முயற்சி, 1948 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிறேமிங்கம் என்னும் சிறு நகரில் தொடங்கியது. அங்கு வாழ்ந்த 5,209 ஆண்களும் பெண்களும் இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்பட்டு வந்தனர். குருதியமுக்கம், கொழுப்பு, புகைபிடித்தல், நீரிழிவு ஆகியன இதய நோய்க்கு ஏதுக்கள் என்பது அவர்கள் பொறுமையாற் பெற்ற அறிவு. நீரிழிவு கொண்டுவரும் இதயத் தீங்கு ஆடவரினும் பெண்டிர்க்கு ஒப்பளவிற் கூடியது என்பதும் அங்கு அறியப்பட்டது. உலகெங்கும் வைத்தியர் அக்கணக்கையே நெடுங்காலம் அளவுகோலாகக் கொண்டனர். ஆனால், பிறேமிங்கம் மக்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். தென்னாசியர் முதல் மாரடைப்புக்கு ஆளாகும் சராசரி வயது 53 என்றும், பிற நாட்டவர்க்கு அது ஏறத்தாழ 59 என்றும் 2007 ஆம் ஆண்டு வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஆறு ஆண்டு என்பது கணக்கிற் சிறியது. குழந்தைகளை இன்னும் கரைசேர்க்காத குடும்பத்துக்கு மிகப் பெரியது.

இலங்கையிலும் எண்ணும் முயற்சி எழுந்தது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில், நீரிழிவையும் இதயக் குழாய் நோயையும் குறித்து நாடளாவிய ஆய்வு ஒன்று நடைபெற்றது. தெரிந்தெடுக்கப்பட்ட 5,000 பேருள் 4,485 பேர் பங்குபற்றினர். இருபது வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், அவருள் மூன்றிலொரு பங்கினர் தம் நோயைத் தாமே அறியாதிருந்ததாகவும் அது கண்டது. அரிய பணிதான், அதைச் செய்தவர் நன்றிக்குரியவர். எனினும், அக்கணக்கு ஒன்பது மாகாணங்களுள் ஏழினையே தழுவியது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. நாட்டின் நீரிழிவுக் கணக்கு என ஏடுகளில் வழங்கிய அவ்வெண்ணிற் கல்முனையும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை. நோய் போரெல்லையைக் கடந்து சென்றிருக்கும். கணக்கு அதைக் கடக்க முடியவில்லை. பின்னர், 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதையும் தழுவுமாறு வகுக்கப்பட்ட மற்றோர் ஆய்வு, முதியோரும் இளையோருமாகிய வளர்ந்தோருள் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உண்டென அறிவித்தது. முதற் கணக்குக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட ஆண்டுகளிற் கீழ்க்கரையில் நோய் வளர்ந்த வழியை மீட்டுக் காண இனி ஒருவராலும் ஆகாது.

மக்கள் வாழ்முறையை அறிந்து எண்ணுதலும் வேண்டும். முஸ்லிம் ஊர்களில் றமழான் நோன்பு உடலின் அன்றாட ஒழுங்கையே மாற்றுவது. பதின்மூன்று முஸ்லிம் நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளரை ஆராய்ந்து 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அவருட் பெரும்பாலோர் நோயோடும் நோன்பு நோற்பதைக் கண்டது. வளர்ந்தோர்க்கு வரும் வகை நீரிழிவு உடையவரிடத்தே, குருதி வெல்லம் கடுமையாக வீழ்ந்து வைத்தியசாலையை நாடும் நிகழ்ச்சி அம்மாதத்தில் ஏழு மடங்குக்கு மேற் பெருகியது. நோயாளருக்கு நோன்பினின்று விலக்களிக்கும் சலுகை இசுலாமிய நெறியிலேயே உண்டு. எனினும், பக்தி மிக்கோர் அதைக் கொள்ளத் தயங்குவர். அத்தகையோர்க்கு நோன்புக்கு முன்பே மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுக்க வைத்தியர் கற்றனர். இந்த அறிவு, நோன்பு நோற்பவரை எண்ணியதாற் பிறந்தது. கல்முனையிலும் நிந்தவூரிலும் இவ்வறிவுக்கு உள்ள பயன் வெளிப்படை.

அலைக்குப் பின்

வளரிளம் பருவம் என்னும் கருத்தைத் தனி ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்ரான்லி ஹோல். அவருடைய பெருநூல் 1904 ஆம் ஆண்டு வெளிவந்தது. மனநோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்நோய் பதினெட்டு வயதுக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021 இல் வெளிவந்த கணக்கு கூறுகின்றது. ஆதலின், இளையோர் உள்ளத்தை ஆராய்தல் முதியோர் நோயைத் தடுத்தலுமாகும்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை கீழ்க்கரையிற் புகுந்தது. இலங்கையின் எல்லா மாவட்டங்களிலும் மிகுதியான உயிரிழப்பு அம்பாறையில் நேர்ந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களின் கடலோர வரிசைகள் அழிந்தன. மதமும் இனமும் நோக்காது அலை எல்லாரையும் ஒருங்கே வாரிச் சென்றது.

அக்காலை, இம்மாவட்டக் கரையிலமைந்த அகதி முகாம்களில் ஆராய்ச்சியாளர் சிலர் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தனர். 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேரைப் பற்றிய அக்கணக்கு 2006 ஆம் ஆண்டு வெளிவந்தது. நூற்றுக்கு 12.9 பேர் இறந்திருந்தனர். ஆடவருள் இறந்தோர் நூற்றுக்கு 8.2, பெண்டிருள் 17.5. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 31.8; ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ளோருள் 23.7. அலை வந்தபோது வீட்டினுள் இருந்தோர்க்கு ஆபத்துக் கூடியிருந்தது. மகளுக்கென்று கட்டிய வீட்டினுள்ளே மகளும் அவள் குழந்தைகளும் இருந்த காலைப்பொழுது அது. இக்கணக்கைப் படிப்பவர் உள்ளம் நடுங்கும். எனினும் இதன் பயன் பெரிது. அடுத்த அலைக்கு முன் யாரை முதலில் எச்சரித்தல் வேண்டும், யாருக்கு நீந்தவும் ஓடவும் கற்பித்தல் வேண்டும் என்பதை இவ்வெண்களே உரைக்கின்றன. இக்கரை முழுமையாக எண்ணப்பட்ட வேளை, அதன் குழந்தைகள் மாண்ட வேளையாயிற்று என்பதை மறத்தற்கில்லை.

பிழைத்த பிள்ளைகளின் உள்ளம் என்னாயிற்று? அலை ஓய்ந்து மூன்று நான்கு கிழமைக்குள், வடகீழ்க் கரையில் மணற்காடு, மேற்கே கொஸ்கொடை, தெற்கே காலி ஆகிய மூன்று இடங்களில் 264 பிள்ளைகளை உளவியலாளர் வினவினர். கொடுநிகழ்ச்சியின் நினைவு மீண்டும் மீண்டும் எழுந்து வருத்தும் நெருக்கீட்டு நோய் இடத்துக்கிடம் வேறுபட்டு, நூற்றுக்குப் பதினான்கு முதல் முப்பத்தொன்பது வரை காணப்பட்டது. குடும்பத்தில் இழப்பு நேர்ந்தமையும், போர் முதலிய முன்னைத் துன்பங்களும் நோயை மிகுவித்தன. மிகுதியான உயிரை இழந்த அம்பாறைக் கரை அம்மூன்று இடங்களுள் ஒன்றன்று. மணற்காட்டுப் பிள்ளையின் எண்ணைக் கொண்டு சாய்ந்தமருதுப் பிள்ளையின் நிலையை ஊகிக்கலாம், ஊகம் அறிவாகாது.

நல்லெண்ணம் ஒன்றே போதும் என்பாருக்கு வட இலங்கையில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி பாடமாகும். போரினால் தாக்குண்ட பகுதியிற் பாடசாலைப் பிள்ளைகள் 399 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பயிற்சி பெற்ற உள்ளூரார் வாயிலாக உளநல வகுப்புகள் நடத்தப்பட்டன. 2012 ஆம் ஆண்டு வெளிவந்த முடிவின்படி, சிறுவர் சிலர்க்கும் வயதிற் குறைந்தோர்க்கும் பயன் விளைந்தது. ஆயின், நெருக்கீட்டு நோய்க் குறிகள் வகுப்புப் பெற்ற சிறுமியரினும் பெறாத சிறுமியரிடத்தே கூடுதலாகக் குறைந்தன. உதவி எனக் கருதிச் செய்தது எல்லார்க்கும் உதவியாகவில்லை. ஒப்பிட்டு எண்ணியிராவிடின் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. அதே வகுப்பு நாடெங்கும் பரவியிருக்கும்.

எண்ணியதால் உயிர் பிழைத்தமைக்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1995 ஆம் ஆண்டளவில், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்வோர் தொகை இலங்கையில் ஓரிலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆகி, உலகில் மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்றாயிற்று. வேளாண்மைக்குப் பயன்பட்ட கொடிய நஞ்சுகளே பல சாவுகளுக்கு வழியாகின்றன என்பதைக் கணக்குக் காட்டியது. அந்நஞ்சுகள் 1995 முதலாகப் படிப்படியே தடை செய்யப்பட்டன. பத்தாண்டுக்குள் அத்தொகை பாதியளவாயிற்று. ஒரு கணத் துயரத்திலிருந்த பலர் அக்கணத்தைக் கடந்து வாழ்ந்தனர். பெயர் அறியப்படாத அவர்களைக் காத்தது, வைத்தியசாலை ஏடுகளிற் பொறுமையோடு பதிந்த எண்.

எண்ணத் தக்கது

மூன்று துறைகளின் வரலாறும் இவ்விடத்து ஒன்று கூடுகின்றது. பழக்கப்படாத முகத்தைப் பொறி அறியாது. அளக்கப்படாத மாகாணத்தின் நோயை வைத்தியர் அறியார். வினவப்படாத பிள்ளையின் அச்சத்தை ஆசிரியர் அறியார். இம்மூன்றும் ஒரே குறையின் மூன்று முகங்கள்.

இக்குறையை நீக்கும் வழி இக்கரைக்குத் தூரத்தில் இல்லை. ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் கணினியும் பொறியியலும் கற்பிக்கப்படுகின்றன. மட்டக்களப்பில் மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையுமாக இரண்டு ஒரே நகரில் நிற்கின்றன. சீனி வருத்தத்துக்கு மருந்து பெற வருபவரின் விழித்திரையைப் படமெடுத்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டு, அவர் இதயத்தின் நிலையோடு பொருத்தி நோக்குதல் பெருஞ் செல்வம் வேண்டும் காரியம் அன்று. ஒழுங்கும் தொடர்ச்சியும் வேண்டும் காரியம். பாடசாலைப் பிள்ளைகளின் உளநலத்தை, அவர்கள் பேசும் தமிழிலேயே வகுத்த வினாக்களாற் காலந்தோறும் கேட்டறிதலும் அத்தகையதே. பிறமொழி வினாத்தாளை அப்படியே பெயர்த்துக் கொடுத்தால், மனம் சரியில்லை என்பதற்கும் நெஞ்சு பதைக்கிறது என்பதற்கும் உள்ள வேறுபாடு தவறிப் போகும். கலைச்சொல்லுக்குப் பாடுபட்ட காரைதீவுத் துறவியின் பணி இவ்விடத்து இன்னும் முடியவில்லை.

எண்ணுதலுக்கு அறமும் உண்டு. ஒருவரின் கண்ணையும் குருதியையும் துயரத்தையும் ஏட்டிற் பதியுமுன், எதற்காகப் பதிகின்றார்கள் என்பதை அவர் அறிந்து இசைதல் வேண்டும். பதிந்தவை அவ்வூரை விட்டு நெடுந்தூரம் சென்று, விலைக்குரிய பொறியாகத் திரும்பி வரும் காலம் இது. தந்தவர்க்கு அதன் பயன் கிடைத்தல் நீதி. கடந்த காலத்தில் மக்கட் கணக்குப் பிரிவினைக்குக் கருவியாக அமைந்ததும் உண்டு. ஆதலின், எண்ணுவோர்மீது நம்பிக்கை வளருமாறு நடத்தல் ஆராய்ச்சியின் முதற் கடமையாகும். வாங்கோசையும் கோயில் மணியும் கேட்கும் தொலைவில் வாழும் மக்களுக்கு நாடியும் நரம்பும் ஒன்றே. அவர்களை ஒரே கணக்கில் எண்ணுதல் அவர்களுக்கிடையே உள்ள பழைய உறவுக்கும் ஏற்றதாகும்.

1948 ஆம் ஆண்டு பிறேமிங்கம் மக்கள் தம் உடலை அளக்க இசைந்தனர். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று அவ்வாய்வின் மூன்றாந் தலைமுறையாய்ப் பங்குபற்றுகின்றனர். கல்முனைக் கரையில் 2004 ஆம் ஆண்டு பிழைத்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையராயினர். அவர்களுடைய இதயத்தையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் உள்ளத்தையும் இன்று எண்ணத் தொடங்கினால், அடுத்த தலைமுறை வைத்தியர் ஊகத்தை விடுத்து அறிவைக் கொண்டு பணியாற்றுவர். அந்தப் பணிக்கு இன்னொரு பேரலையை எதிர்பார்த்திருத்தல் தகாது.